நாதத்தின் நிலையாமை

தந்தி வாத்தியங்களுள், பாஞ்சோவை விலக்கிவிட்டுப் பார்த்தால், மாண்டலினைப் போல அத்துணை விரைவில் மடியும் நாதத்தை உடையது பிறிதொன்றை நான் அறியேன். வீணையை ஒருமுறை மீட்டிவிட்டு விரலைத் தந்தியிலேயே இழைத்துக்கொண்டிருந்தால், அந்த ஒரு மீட்டில் பிறந்த ஒலி இரண்டு மூன்று ஸ்வரங்களைத் தழுவி ஏறி இறங்குமட்டும் உயிரோடிருக்கும். வயலினில் வில் ஓடுங்காறும் ஒலிக்கு ஓய்வில்லை. நாகஸ்வரத்துக்கு மூச்சும் சுருதிப் பெட்டிக்குத் துருத்தியும் துணை நிற்கின்றன. மாண்டலினுக்கோ இவற்றுள் ஒன்றுமில்லை. பதினான்கு அங்குலத்துக்கும் சற்றுக் குறைந்த நீளமுடைய உருக்குத் தந்திகள் மிகுந்த விறைப்போடு முறுக்கப்பெற்று, இரண்டிரண்டாக நான்கு சோடிகளாய் நிற்க, சிறிய வில்லையொன்றினால் தட்டியவுடன் கணீரென எழும் அந்த ஒலி, கேட்டவன் அதனை நன்றென்றோ தீதென்றோ நினைத்து முடிக்குமுன்னே அடங்கிப்போகும். கற்றுக்கொள்ளப் புகுந்தவனுக்கு முதலில் எதிர்ப்படும் துன்பம் விரல்நுனி காய்த்துப்போவதன்று. பிறப்பித்ததைக் காப்பாற்ற முடியாத இந்த நிலையே.

இவ்வளவு சிறிய விஷயம் பெரியதொரு தர்க்கத்துள் இட்டுச்செல்லும் என்று வாத்தியத்தை மடியில் எடுத்து வைக்கும் எவனும் எண்ணான். நாதம் நித்தியமா, அநித்தியமா என்பது பாரத தேசத்துத் தத்துவ ஞானிகள் பன்னூறு ஆண்டுகள் ஓயாது வழக்காடிய வினா. ஒலி என்றும் உள்ளது, நாவும் கோலும் செய்வதெல்லாம் அதனை வெளிப்படுத்துவதேயன்றிப் படைப்பதன்று என்றனர் மீமாம்சகர். ஒலி முயற்சியினால் பிறப்பது, பிறந்தது இறக்கும், முதலில் எழுந்த ஒலி தன் பக்கத்தே மற்றோர் ஒலியைப் பிறப்பித்துவிட்டுத் தான் மாய, அதுவும் அவ்வாறே செய்ய, இப்படி அலையலையாய் வந்து நம் செவியைத் தொடுவது அந்த வரிசையின் கடைசி ஒலியே என்றனர் நையாயிகர். பௌத்தரோ இவர்களையும் கடந்து, ஒலி மாத்திரமன்று, தந்தியும் விரலும் கேட்கின்ற சித்தமும் கணந்தோறும் பிறந்து கணந்தோறும் மாய்வனவே என்று சாதித்தனர். தமிழ்க் காப்பியங்களுள் இந்த விவாதத்துக்கு இடங்கொடுத்தது மணிமேகலை. காஞ்சி நகரில் அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவை நூல் கற்பிக்குமிடத்து எடுத்தாளும் அனுமானம், செய்யப்படுவதாகையால் ஒலி நிலையற்றது, குடத்தைப் போல, என்பதே. உலகத்துப் பொருள்கள் அனைத்தையும் விட்டு ஒலியையே நிலையாமைக்கு உதாரணமாகத் தர்க்க நூலார் தேர்ந்தெடுத்தனர் என்பது, ஒரு மாண்டலின்காரனுக்கு வியப்பளிக்கும் செய்தியன்று.

இந்த வழக்கு எனக்கு ஏட்டில் மாத்திரம் உள்ளதன்று. இலங்கையில் நான் வாழும் அரநாயக்கவைச் சூழ்ந்த தோட்டங்கள், கண்ணுக்கெட்டிய மட்டும் தேயிலையே பரந்து தமிழன்றி வேறு பாஷை காதில் விழாத நுவரெலியாப் பக்கத்துத் தோட்டங்களைப் போன்றனவல்ல. கேகாலை மாவட்டத்து மலைகளில் தேயிலையும் இறப்பரும் சிங்களக் கிராமங்களோடு இடையிட்டுக் கிடப்பதால், லயன் முற்றத்தில் நின்றால் ஒருபுறம் மாரியம்மன் கோயிற் கொடியும் மறுபுறம் விகாரையின் வெண்ணிறத் தாதுகோபமும் தெரியும். மார்கழியில் பஜனைக் கோஷ்டியின் ஒலியும் பௌர்ணமியில் பிரித் ஓதும் ஒலியும் ஒரே காற்றில் வரும். இங்கே வாழும் தமிழனுக்குப் பௌத்தம் புத்தகத்திற் படித்த பூர்வபட்சம் அன்று, பக்கத்து வீட்டுக்காரருடைய நம்பிக்கை. பிறமதங்களை மறுக்கும் தம் பரபக்கத்தில் அருள்நந்தி சிவாசாரியார் சௌத்திராந்திகன், யோகாசாரன், மாத்தியமிகன், வைபாடிகன் என்னும் நால்வகைப் பௌத்தரையும் நிறுத்தி மறுத்துச் செல்வதை மேசைமேல் விரித்துப் படித்துவிட்டு, மாலையில் கடைக்குப் போகும் வழியில் அந்தப் பௌத்தர் ஒருவரே குடை பிடித்து நம்மை அழைத்துச் செல்வாராயின், மறுப்பின் சுவை சற்றே மாறிவிடத்தான் செய்யும்.

இத்தகைய மலைமுடுக்கில் அமெரிக்க தேசத்துப் புளூகிராஸ் சங்கீதத்தின்மீது ஒருவனுக்குக் காதல் பிறப்பது எங்ஙனம் என்று கேட்பவர்கள், இலங்கை வானொலியை மறந்துவிட்டவர்கள். 1964 ஆம் ஆண்டில் விமான விபத்தில் மாண்ட ஜிம் ரீவ்ஸ் என்னும் பாடகர்மேல் இந்தத் தீவின் ஜனங்கள், சாதி மத பாஷை பேதமின்றி, வைத்திருந்த அபிமானம் அவருடைய சொந்த நாட்டாருக்கே வியப்பளிக்கத்தக்கது. அவரது சாந்தமான கிராமிய சங்கீதத்தில் பழகிய செவி, அதே தேசத்தின் இன்னும் கரடுமுரடான, இன்னும் வேகமான, இன்னும் துக்கம் செறிந்த ஒரு சங்கீதத்தைத் தற்செயலாகக் கேட்டு அங்கேயே நின்றுவிடுவதில் அதிசயமில்லை. மாண்டலினும் இந்நாட்டுக்குப் புதிதன்று. சிங்கள மெல்லிசைப் பாட்டுகளின் பின்னணியில் அதன் கிணுகிணுப்பைக் கேளாதவர் இங்கு எவருமிரார்.

புளூகிராஸ் என்பது மண்ணிலிருந்து தானே முளைத்த புராதனக் கிராமியக் கலை என்று பலர் நினைக்கின்றனர். உண்மையில் அது ஒரு மனிதர் கட்டமைத்த முறை. வானொலியின் காலத்திற் பிறந்தது. பில் மன்ரோ 1911 ஆம் ஆண்டு செப்டம்பர் 13 இல் கென்டக்கி மாநிலத்தின் மேற்குப் பகுதியிலுள்ள ரோசீன் என்னும் சிற்றூரில், பெரிய குடும்பத்தின் கடைக்குட்டியாகப் பிறந்தார். தமையன்மார் வயலினையும் கித்தாரையும் முன்னமே எடுத்துக்கொண்டமையால் எவரும் விரும்பாத மாண்டலின் அவர் பங்குக்கு எஞ்சியது; அதிலும் சத்தம் மிகாதிருக்கும்படி எட்டுத் தந்திகளில் நான்கைக் கழற்றிவிட்டு வாசிக்குமாறு தமையன்மார் பணித்தனர் என்பர். பத்து வயதில் தாயையும் பதினாறு வயதில் தந்தையையும் இழந்து, தாய்மாமனாகிய பென் வாண்டிவரின் குடிசையில் தங்கி, அவருடைய வயலினுக்குத் துணைவாசித்தும், ஆர்னல்ட் ஷூல்ட்ஸ் என்னும் கறுப்பினச் சுரங்கத் தொழிலாளியின் கித்தாருக்குப் பக்கத்திலிருந்தும் அவர் கற்றது அவருடைய சர்வகலாசாலை. பின்னர் ஊரைவிட்டு இந்தியானா மாநிலத்து எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் கூலிக்கு நின்றார். 1939 ஆம் ஆண்டில் தம் குழுவோடு கிராண்ட் ஓல் ஓப்ரி வானொலி அரங்கில் ஏறினார். 1945 ஆம் ஆண்டின் இறுதியில் ஏர்ல் ஸ்க்ரக்ஸ் மூன்று விரலால் பாஞ்சோ வாசித்துக்கொண்டு அக்குழுவில் வந்து சேர, அந்தச் சங்கீதம் தன் முழு உருவத்தை எய்தியது. பிறந்த மலையையும் மாண்ட தாயையும் தொழிற்சாலை நகரத்திலிருந்து நினைந்து பாடுகின்ற ஜனங்களின் சங்கீதம் அது. கூலிக்குக் கடல் கடந்துவந்து, பிறந்த ஊரின் பெயரைப் பாட்டிலே மாத்திரம் வைத்துக்கொண்ட ஒரு சமூகத்தினன் அதைக் கேட்டுத் தடுமாறி நிற்பானாயின், அதற்கு அவன் ஆங்கிலம் தெரிந்தவனாயிருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

இனி, மடிகின்ற நாதத்துக்கு மனிதர் கண்ட பரிகாரங்களைப் பார்க்கலாம். மாண்டலின் இன்றைய உருவத்தை எய்தியது 18 ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில். அந்நகரத்துக் கலைஞர், ஒலி மடியுமுன் மீண்டும் தட்டுவது, அது மடியுமுன் மறுபடியும் தட்டுவது, இப்படி வில்லையை மேலும் கீழும் இடைவிடாது அசைத்து, அறுந்தறுந்து எழும் ஒலித் துணுக்குகளை ஒரே நீண்ட நாதமாகச் செவிக்கு மயக்கங்காட்டும் உபாயத்தைச் சிறப்புறக் கையாண்டனர். அதனை ட்ரெமலோ என்பர். நன்கு பயின்ற கையிலிருந்து எழும் ட்ரெமலோவைக் கண்ணை மூடிக் கேட்பவன், அதனை ஒரு வயலினின் தொடர்ந்த ஓலம் என்றே துணிவான். கண்ணைத் திறந்தால், அங்கே தொடர்ச்சி என்பது எங்குமில்லை, இறப்புகளின் வரிசை ஒன்றே உள்ளது. பௌத்தரின் கணபங்க வாதத்துக்கு இதைவிடத் தெளிந்த பிரத்தியட்சப் பிரமாணம் கிடைப்பது அரிது. தீபச்சுடர் முன்யாமத்திலும் பின்யாமத்திலும் ஒன்றா வேறா என்று மிலிந்த அரசனை நோக்கி நாகசேனர் வினவிய வினா, வில்லையைக் கையில் பிடித்தவன் ஒவ்வொரு கணமும் தன் மணிக்கட்டினால் விடையளிக்க வேண்டிய வினாவாகிறது.

விடியவிடிய ஓதப்படும் பிரித்தை நினைவுபடுத்திக்கொண்டால் இவ்விஷயம் இன்னும் விளங்கும். இரவு முழுதும் ஓதும்போது பிக்குகள் இருவர் இருவராக முறைவைத்து ஓதுவர். ஒரு சோடி எழுமுன் அடுத்த சோடி வந்தமர்ந்து குரலைச் சேர்த்துக்கொள்ளும். ஒருவர் மூச்சு வாங்கும்போது மற்றவர் ஓதுவார். ஒலி அறவே அறுந்துபோக இடங்கொடார். எல்லாம் அநித்தியம் என்று போதிக்கும் சமயத்தின் சூத்திரங்களை அணுவளவும் இடைவெளி விழாமல் ஓத வேண்டும் என்று அந்தச் சம்பிரதாயமே நியதி செய்திருப்பதில் ஒரு முரண்பாடு இருப்பதாக முதலில் எனக்குத் தோன்றியதுண்டு. மாண்டலினின் இரட்டைத் தந்திகள், ஒன்றின் தேய்வை மற்றது மறைத்துக்கொண்டு நடுங்கி ஒலிப்பதைப் பழகிய பின்னர், அது முரண்பாடன்று எனத் தெளிந்தேன். நிலையாத மனிதர், நிலையாத குரல்களால், ஒருவரையொருவர் தாங்கிக்கொண்டு ஓதுவது அன்றித் தொடர்ச்சி என்று வேறொன்று வானத்தினின்றும் இறங்கி வருவதில்லை.

ஆயினும் என் மனத்தைக் கவர்ந்தது ட்ரெமலோ அன்று. மன்ரோ மடிகின்ற நாதத்தைக் காப்பாற்ற முயலவில்லை. மடியட்டும் என்று விட்டார். அதுவும் போதாதென்று தாமே அதனை விரைந்து மடியச் செய்தார். இடக்கையால் எல்லாச் சோடிகளையும் ஒருசேர அழுத்தி, வலக்கையால் ஓங்கித் தட்டியவுடன் இடக்கை விரல்களின் பிடியைத் தளர்த்திவிட, தந்திகள் மெட்டுக்களை விட்டெழுந்து 'டக்' என்ற ஓசையோடு ஒலி கத்தரிக்கப்பட்டு நின்றுவிடும். சாப் என்று வழங்கும் இதனைத் தாளத்தின் எதிர்த்தட்டில், பாட்டு முழுவதும், இரக்கமின்றி இடித்துக்கொண்டே செல்வது புளூகிராஸ் மாண்டலினின் பிரதான தொழில். அந்தக் குழுக்களில் தோற்கருவியே கிடையாது. மத்தளத்தின் ஸ்தானத்தை இந்தத் தந்தி வாத்தியம் ஏற்றுக்கொண்டுவிட்டது. மாண்டலினை இன்னிசைக்குரிய மெல்லிய அலங்காரப் பொருளாகக் கருதியவர்களுக்கு இது அபசாரமாகவே தோன்றியிருக்கும்.

தோட்டத்திலே பிறந்தவனுக்கு அது அபசாரமாகத் தோன்றாது. தப்பு அடிப்பதாகத் தோன்றும். கார்வை என்பதே இல்லாத, தீயிற் காய்ச்சிய தோலின்மேல் குச்சி விழுந்த கணத்திலேயே முடிந்துபோகிற அந்த ஒலியன்றோ முன்னாட்களில் விடியுமுன் பிரட்டு என்னும் காலைக் கணக்கெடுப்புக்கு ஆட்களை எழுப்பியது, பிள்ளை பிறந்தாலும் பெண் சமைந்தாலும் பிணம் எடுத்தாலும் அம்மன் தேர் நகர்ந்தாலும் முன்னே சென்றது? இவ்வளவும் செய்த அந்தத் தோலையும் அதனை அடித்த கைகளையும் கோயிலுக்கு வெளியே நிறுத்திய கொடுமையை இங்கே நான் விரிக்கப் போவதில்லை. ஆனால் மறந்துவிட்டதாகவும் எவரும் கருத வேண்டாம். மாசி மாதத்தில் தோட்டங்களில் ஆடப்படும் காமன் கூத்தைக் கண்டவர்களுக்கு, ஒலி மடிவதன் பொருள் என்ன என்பதை வேறொருவர் விளக்க வேண்டியதில்லை. சிவபெருமானின் நெற்றிக்கண் பட்டு மன்மதன் எரிகிறான், ரதி புலம்புகிறாள், தப்பு ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒவ்வோர் அடியாக மாறிச் செல்கிறது. பிறகு காமன் எழுப்பப்படுகிறான், ஆயினும் உருவத்தோடன்று. அவன் அனங்கன், ரதி ஒருத்தியின் கண்ணுக்கு மாத்திரமே புலப்படுகிறவன். மாய்ந்தது மாய்ந்ததுதான் என்று பௌத்தன் கூறுவதற்கும், மாயவேயில்லை என்று மீமாம்சகன் கூறுவதற்கும் நடுவே, மாய்ந்தது உருவின்றி உளதாயிற்று, அதனை நேசித்தவர்க்கே அது உளதாயிற்று என்னும் மூன்றாவது பட்சமொன்றை எழுத்தறியாத தொழிலாளர் கம்பம் நட்டு ஆடிக்காட்டியிருக்கின்றனர். தத்துவ நூல்களை வகுத்தவர்கள் இதற்கு ஒரு பெயரிடாமல் விட்டது அவர்களுடைய குறையே.

புளூகிராஸ் பாட்டுகளின் பொருளும் பெரும்பாலும் மரணமே. கல்லறையில் உறங்கும் தாய், வெள்ளத்தில் போன குழந்தை, ஆற்றுக்கு அப்பாலுள்ள வீடு, மீண்டும் காணாத மலை என்று இவற்றையே சொற்கள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்க, வாத்தியங்களோ குதிரை பாய்வதுபோல் ஓடும். துக்கத்தை இவ்வளவு வேகத்தில் பாடலாமா என்று ஒருவர் கேட்டால், பிணத்தின் முன்னால் தப்படிப்பவர் ஏன் ஆடுகிறார் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். இங்கே மரணம் பாட்டின் பொருளாக மாத்திரம் நின்றுவிடவில்லை. 2016 ஆம் ஆண்டு மே மாதம் 17 ஆம் திகதி மாலை, நாட்கணக்கில் பெய்த மழையில் ஊறிய சாமசர மலை இடிந்து, அரநாயக்கவைச் சேர்ந்த சிரிபுர, எலங்கபிட்டிய, பல்லேபாகே என்னும் கிராமங்களின்மேல் விழுந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டும் காணாமலும் போயினர். பலருடைய உடலைத் தோண்டியெடுக்கவும் இயலவில்லை. அதே நாளில் புலத்கொஹுபிட்டியவில் களுபஹன தோட்டத்து லயன்கள்மீதும் மண் சரிந்து தொழிலாளர் குடும்பங்கள் புதைந்தன. நிலையாமையைப் பற்றி இந்த மலைகளில் எழுதுகிறவன் இந்நிகழ்ச்சியை உதாரணமாகக் காட்டிவிட்டு அடுத்த வாக்கியத்துக்குப் போய்விடக்கூடாது. உதாரணமாக ஆவதற்காக அவர்கள் இறக்கவில்லை. நான் சொல்லக்கூடியது இவ்வளவே: அவ்வாண்டுக்குப் பின் இப்பகுதியில் மழை வலுக்கும் இரவுகளில், எல்லாம் அநித்தியம் என்னும் வசனத்தை ஒரு சித்தாந்தமாக எடுத்துப் பேசுவாரை நான் காணவில்லை, அவரவரும் மலையின் சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டிருக்கின்றனர்.

மன்ரோவின் குழுவில் பக்திப் பாட்டுகளைப் பாடும்போது ஒரு வழக்கம் இருந்தது. வயலினையும் பாஞ்சோவையும் கீழே வைத்துவிட்டு, நால்வர் நெருங்கிநின்று குரலெடுக்க, கித்தாரும் மாண்டலினும் மாத்திரம் மெல்லத் துணைவாசிக்கும். நடனத்துக்கு இடித்த அதே மாண்டலின் தேவனுடைய சந்நிதிக்குள் அனுமதி பெற்றுவிடுகிறது. இங்கே ஒரு சங்கடமான வினா எழும். இயேசு பெருமானிடத்து விசுவாசம் இல்லாத, மாரியம்மனுக்கு மாவிளக்கு ஏற்றுகிற ஒருவன் அந்தப் பாட்டை வாசிப்பது பக்தியா, பாசாங்கா? ஸ்ரீரங்கத்தில் வாழ்ந்த முஸ்லிமாகிய ஷேக் சின்ன மௌலானா நாகஸ்வரத்தில் வாசித்த கீர்த்தனைகளைக் கேட்டவர் எவரும் இந்த வினாவை அவரிடத்து எழுப்பத் துணிந்திரார். அது விடையன்று, விடை எத்திசையில் இருக்கிறது என்பதற்கு அடையாளம். ஆனாய நாயனார் குழலில் ஐந்தெழுத்தை இசைத்தபோது அவர் வாயினின்று சொல் எதுவும் பிறக்கவில்லை. வாயில் சொல் இருந்தால் அல்லவா அதனை நம்புகிறாயா என்று கேட்கலாம்? கருவியைக் கையில் எடுத்தவன் செலுத்துவது சம்மதத்தையன்று, பணிவை. அந்தப் பாட்டின் போக்குக்குத் தன் விரல்களை உட்படுத்துகிறான். அதைக் கடந்து அவனிடம் வாக்குமூலம் கேட்பது, என் கருத்தில், சமயாசாரியர்களின் வேலையாக இருக்கலாம், சங்கீதத்தின் வேலையன்று.

மடியும் நாதத்தோடு நடத்திய போராட்டத்தில் யாவற்றினும் வியக்கத்தக்க முயற்சி நம் பக்கத்திலேயே நிகழ்ந்தது. 1969 ஆம் ஆண்டு பெப்ரவரி 28 இல் ஆந்திர தேசத்துப் பாலகொல்லுவில் பிறந்த உ. ஸ்ரீனிவாஸ், தந்தையார் வைத்திருந்த மாண்டலினைச் சிறுவனாகவே எடுத்து வாசிக்கத் தொடங்க, செம்பை வைத்தியநாத பாகவதரின் சிஷ்யரான ருத்ரராஜு சுப்பராஜு அவருக்குக் குருவாக வாய்த்தார். அந்தக் குருவுக்கு மாண்டலின் வாசிக்கவே தெரியாது. அவர் பாடுவார், பிள்ளை அதனைத் தந்தியில் தேடுவான். சாரீரத்திலே நிலைத்து நின்று வளைந்து நெளியும் கமகத்தை, மெட்டுக்களால் துண்டு துண்டாக வெட்டப்பட்டதும், தட்டியவுடன் மடிவதுமான வாத்தியத்தில் கொண்டுவருவது எங்ஙனம்? இரட்டைத் தந்திகளை ஒற்றைத் தந்திகளாக்கி, கீழ் ஸ்தாயிக்கு இன்னொன்றைச் சேர்த்து ஐந்தாக்கி, மின்சாரத்தின் உதவியால் நாதத்தின் ஆயுளை நீட்டி, அந்த நீண்ட ஆயுளுக்குள் தந்தியை இழுத்து விரலை நழுவவிட்டு ஸ்வரங்களை இழைத்தார். கர்நாடக சங்கீதத்துக்கு இந்த அந்நிய வாத்தியம் ஒவ்வாது என்று முதலில் தலையசைத்த ரசிகர்கள் பின்னர் அவரை 'மாண்டலின் ஸ்ரீனிவாஸ்' என்றே வழங்கினர். 1983 ஆம் ஆண்டில் அவர் பெர்லின் ஜாஸ் விழாவில் வாசித்தபோது பிராயம் பதினான்கு. கென்டக்கியில் தமையன்மாரின் கட்டளைக்காக நான்கு தந்திகளைக் கழற்றிய பையனையும், பாலகொல்லுவில் குருவின் குரலுக்காக அவற்றைக் கழற்றிய பையனையும் நான் சேர்த்தே நினைப்பதுண்டு. முன்னவருக்கு அது ஒடுக்கம், பின்னவருக்குச் சாதனம்.

வாத்தியத்தின் எல்லையைப் பற்றிய பேச்சில் திருநீலகண்ட யாழ்ப்பாணரை விட்டுவிட முடியாது. ஞானசம்பந்தரின் பதிகங்களுக்குப் பெருமை யாழ்ப்பாணரின் வாசிப்பினால் வந்தது என்று சுற்றத்தார் சிலர் பேசியதைக் கேட்டு வருந்திய பாணர், யாழில் அடங்காத இசையில் ஒரு பதிகம் பாடியருளும்படி சம்பந்தப் பிள்ளையாரை வேண்ட, தருமபுரத்தில் அவர் பாடிய பதிகம் யாழ்மூரி எனப் பெயர் பெற்றது. விரல் தவித்து, தந்தி வழிவிடாமற்போகவே, இந்தக் கருவியாலன்றோ இவ்விழிவு வந்தது என்று பாணர் யாழை ஓங்கி உடைக்கப் புகுந்தபோது, சம்பந்தர் தடுத்து அதனைத் தம் கையில் வாங்கிக்கொண்டார். சிந்தைக்கே அளவுபடாத இசை செயலின் அளவுக்குள் வந்துவிடுமா, கருவியில் வந்தவரையில் வாசித்துக்கொண்டிரும் என்பது அவர் கூறியதன் கருத்து. மன்ரோவின் மாண்டலினுக்கும் உடைபடும் விதி இருந்தது. 1923 ஆம் ஆண்டில் செய்யப்பட்டு, அவர் ஒரு சவரக் கடையில் கண்டு வாங்கிய அந்தக் கிப்சன் எஃப் 5 வாத்தியத்தை, 1985 ஆம் ஆண்டில் எவரோ அவர் வீட்டினுட் புகுந்து அடித்து நொறுக்கிவிட்டனர். நூற்றுக்கு மேற்பட்ட சிம்புகளைப் பொறுக்கிச் சேர்த்து ஒட்டித் திருப்பிக் கொடுத்தார் கிப்சன் நிறுவனத்துக் கைவினைஞர் ஒருவர்; மன்ரோ அதனையே பின்னும் வாசித்தார். அது பழைய மாண்டலினா, புதியதா என்ற வினாவை அவர் எழுப்பினதாகத் தெரியவில்லை.

அந்த வினாவை எழுப்புகிறவர் என் அயலில் இருக்கிறார். உத்தியோகத்திலிருந்து ஓய்ந்த சிங்கள ஆசிரியர். தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுத்துத் தமிழை நன்கு பேசக் கற்றவர். நாங்கள் அவரை மாஸ்டர் என்றே அழைப்போம். ஒருநாள் மாலை நான் தந்திகளைச் சுருதி கூட்டிக்கொண்டிருக்கையில் வந்தமர்ந்த அவரிடம், ஆன்மா நிலைத்துள்ளது என்னும் என் சித்தாந்தத்துக்குச் சாதகமாக ஒரு நியாயம் கிடைத்துவிட்டதென்று உற்சாகத்தோடு சொன்னேன். ஒரு சோடியின் இரண்டு தந்திகளும் ஒரே சுருதியில் நிற்க வேண்டும். முதல் தந்தியைத் தட்டி, அதன் ஒலி மடிந்த பின்னரே இரண்டாவதைத் தட்டுகிறேன். மடிந்துபோன ஒலியோடு பிறந்த ஒலியை ஒப்பிட்டு, இது அதுவேதான் என்று அறிகிறவன் ஒருவன் இரண்டு கணங்களிலும் நிலைத்திருந்தாலன்றி இது எப்படிக் கூடும்? பிரத்தியபிஞ்ஞை என்று நம் பெரியோர் சொன்னது இதுவன்றோ?

மாஸ்டர் அமைதியாக, அப்படியானால் இரண்டையும் ஒன்றாகத் தட்டுங்கள் என்றார். தட்டினேன். சுருதி சேராத இரண்டு தந்திகளும் தம்முள் மோதி, ஒலி விம்மி விம்மித் தணிந்தது. ஆணியைச் சிறிது முறுக்கச் சொன்னார், விம்மல் மெதுவாயிற்று, இன்னுஞ் சிறிது, விம்மல் அறவே நின்றுவிட்டது. முன்னொரு கணத்தை நினைக்காமலே, இந்தக் கணத்தின் ஒலியைக்கொண்டே சுருதி சேர்ந்துவிட்டதல்லவா, உள்ளே இருந்து ஒப்பிட்டவர் எங்கே போனார் என்று அவர் கேட்டார். விம்முவதும் தணிவதும் காலத்தில் நிகழ்வனவன்றோ, அதற்கும் நினைவு வேண்டாவோ என்று நான் தொடங்க, அது மிகச் சிறிய நினைவு, அதற்கு ஓர் ஆன்மா வேண்டியதில்லை என்று அவர் சிரித்தார். அன்றைய வாதத்தில் வெற்றி அவருக்கே என்று ஒப்புக்கொண்டேன். எனினும் ஒரு பாட்டின் தொடக்கம் எதுவென்று நினைவிராதவன் அதன் முடிவை முடிவென்று எப்படி அறிவான் என்பதை அடுத்த சந்திப்புக்கு எடுத்து வைத்திருக்கிறேன். அவரோ பேரனுடைய வயலினைக் கொண்டுவந்து காட்டி, மாண்டலினுக்கும் அதற்கும் சுருதி ஒன்றேயாகையால், ஒரு புளூகிராஸ் மெட்டை முதலில் கற்றுக்கொடுங்கள், வாதம் பிறகு ஆகட்டும் என்கிறார்.